வீட்டுலயே படிக்க வைக்கறவங்க வாங்க, உங்க வீட்டுல இந்த வாரம் என்ன கவுந்துச்சு?

கொழிஞ்சாம்பாறை அம்மிணி | செவ்வாய் இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு எழுதாம இருக்க முடியல, கை இன்னும் நடுங்குது.

பையனுக்கு பத்து வயசு, பொண்ணுக்கு ஏழு. ரெண்டு வருசமா வீட்டுலதான் படிக்கறாங்க. பையனுக்கு பேச்சு திக்கும். வகுப்புல எந்திரிச்சு வாசிச்சான்னா மத்த பசங்க அதே மாதிரி திக்கித் திக்கி சொல்லிக் காட்டுவாங்க. ஒரு நாள் காலைல யூனிபார்ம் எல்லாம் போட்டுட்டு கட்டிலுக்கு அடியில போய் படுத்துட்டான், வெளிய வரவே மாட்டீன்னுட்டான், அன்னைக்கு நிறுத்துனதுதான். வீட்டுக்காரர் தேங்காய் களத்துக்கு காலைல ஏழு மணிக்குப் போனா ராத்திரி எட்டு ஆயிரும். வீட்டுல நான், அத்தை, மாமா, குழந்தைங்க.

இன்னைக்கு காலைல பின்னம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். முக்கால் பெருசா மூணுல ரெண்டு பங்கு பெருசான்னு அவனுக்கு பிடிபடவே இல்ல, சமையக்கட்டு வாசப்படில சாக்பீஸ்ல வட்டம் வட்டமா வரைஞ்சு காமிச்சுட்டு இருக்கேன். அடுப்புல குக்கர்ல துவரம்பருப்பு. விசில் வரலையேன்னு மனசுக்குள்ள ஒரு தடவ ஓடுச்சு, இந்த வட்டத்த முடிச்சுட்டு எந்திரிக்கலாம்னு உக்காந்துட்டேன். பொண்ணு உள்ள போய் சொம்புல தண்ணி மோந்துட்டு வெளிய வந்து உக்காந்தா. அவ உக்காந்து ரெண்டு நிமிசம் கூட இருக்காதுங்க, டம்முன்னு ஒரு சத்தம், அப்புறம் புஸ்ஸுன்னு. சீலிங் பூராவும் பருப்பு, சுவத்துல பருப்பு, நல்ல நேரத்துல யாரும் உள்ள இல்ல.

அடுப்ப அணைச்சு, ஆறுனதுக்கப்புறம் பாத்தா வெயிட் போடற குழாய்க்குள்ள பருப்புத் தோல் அடைச்சிருக்கு. ஆவி போக வழியில்லாம சேஃப்டி வால்வு தெறிச்சிருக்கு. பையன் அந்தக் குழாய ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பாத்துட்டு "அம்மா ஓ.. ஓட்டையே தெரியலம்மா"ங்கறான். ஈர்க்குமாத்து குச்சிய விட்டுக் குத்துனப்புறம்தான் வெளிச்சம் தெரிஞ்சுச்சு. உள்ள தண்ணி எவ்வளவு சூட்டுல இருந்திருக்கும்னு கேட்டான். சாதாரண பாத்திரத்துல 100 டிகிரிக்கு மேல போகாது, குக்கர்ல அழுத்தத்துல 120 வரைக்கும் போகும், அதனாலதான் பருப்பு சீக்கிரம் வேகுதுன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கு பொண்ணு மூஞ்சிதான் கண்ணுக்கு முன்னால வந்துச்சுங்க.

அத்தை ஒண்ணும் திட்டல. "ஸ்கூலுக்கு அனுப்பிச்சிருந்தா இந்நேரம் ரெண்டும் பெஞ்சுல உக்காந்திருக்கும்"னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. அது ராத்திரி வரைக்கும் காதுலயே இருக்குங்க.

ஒரே நேரத்துல அடுப்பையும் பாடத்தையும் பாக்கறது தப்பா? நீங்கெல்லாம் எப்படிப் பண்றீங்க? உங்க வீட்டுல நடந்ததயும் சொல்லுங்க, எனக்கு மட்டும்தான் இப்படியான்னு தெரியணும்.

---

பள்ளிப்பட்டு தறிவூடு | செவ்வாய் இரவு 10:52

அக்கா, மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. குழந்தைங்க நல்லா இருக்காங்க இல்ல, அது போதும்.

குக்கர் விசயம் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. தெறிச்ச வால்வ அப்படியே அமுக்கி வெச்சு திருப்பி யூஸ் பண்ணாதீங்க, அதுக்குள்ள ஈயம் மாதிரி ஒரு உலோகம் இருக்கும், சூடு எல்ல மீறுனா உருகறதுக்குன்னே வெச்சது, ஒரு தடவ உருகிடுச்சுன்னா புதுசுதான் போடணும். அந்தக் குக்கர் கம்பெனி வால்வே வாங்குங்க. பருப்பு அரைக் குக்கருக்கு மேல போடாதீங்க, ஒரு சொட்டு எண்ணெ விட்டா நுரை கம்மியா வரும். எங்க அவ்வா (பாட்டி) தெனமும் மூடி போடறதுக்கு முன்ன அந்தக் குழாய்ல வாய வெச்சு ஊதிப் பாப்பாங்க. காத்து போனாதான் அடுப்புல ஏத்துவாங்க.

எங்க வூட்ல நடந்ததச் சொல்றேன். எங்களுக்கு தறிதான் பொழப்பு. பெரியவனுக்கு 11 வயசு, வட்டத்தோட சுத்தளவு பாடம் நடத்திகினு இருந்தேன். சொம்பு வாய நூலால சுத்தி அளந்து, குறுக்க அளந்து, வகுத்துப் பாரு, சொம்பானாலும் சரி குண்டானானாலும் சரி மூணுக்கு கொஞ்சம் மேலதான் வரும், அத நீயே கண்டுபுடின்னு சொல்லிட்டு நான் தார் சுத்தப் போயிட்டேன். நூல் வேணும்னு தேடிகினு இருந்தவன் தறில ஏத்தி இருந்த பாவுலயே ஒரு கைப்பிடி இழைய கத்திரிக்கோல்ல வெட்டிட்டான். பாவுன்னா நீட்டுக்கு போற இழை, அது அறுந்தா துணியே நிக்காது. மொதலாளி குடுத்த நூல், வாரக் கடைசில பீஸ் இறக்கணும்.

எனக்கு வந்த கோவத்துல அடிக்கப் போயிட்டேன், பொய் சொல்லல. அவங்க நைனா கைய புடிச்சிட்டாரு. பையன பக்கத்துல உக்கார வெச்சி ஒவ்வொரு இழையா புது நூல் சேத்து முடிச்சுப் போட்டு, விழுதுக் கண்ணியில கோத்து, பன்னைச் சீப்புல எடுத்து, சாயங்காலம் வரிக்கும் ரெண்டு பேரும் அதே வேலை. கண்ணு எரியுதுன்னு அவன் அழுதுகினே கட்டுனான். அன்னைக்கு வேற பாடமே நடக்கல. ஆனா இப்ப தறிகிட்ட வரும்போது கைய பின்னாடி கட்டிகினு வரான்.

சொம்புக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கறீங்களா, மூணும் அதுக்கு மேல ஏழுல ஒரு பங்கும். சரியாத்தான் அளந்திருக்கான்.

---

கூடலூர் ஜீப்பு | புதன் காலை 5:05

வணக்கம் அம்மிணி. நான் தேனி மாவட்டத்து கூடலூர். (ஊட்டிப் பக்கத்து கூடலூர் இல்ல.) விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு குமுளி வழியா மேல போயி சாயங்காலம் நாலு மணிக்கு எறங்குவேன். அதனால எங்க வீட்டுல பாடமே சாயங்காலம் அஞ்சுக்குதேன். காலைல சமையல், பாடம் ரெண்டையும் ஒரே ஆள் தலையில வைக்கிறது சரியில்லங்கிறது என் எண்ணம். உங்க வீட்டுக்காரர் எட்டு மணிக்கு வந்தாலும் வாசிக்கச் சொல்லிக் கேக்கலாம்ல, அதுக்கு அடுப்பு வேணாம், நோட்டு வேணாம்.

எங்க வீட்டு விபத்துக்கு நான்தேன் காரணம். வாய வச்சு உறிஞ்சி விட்டா தண்ணி தானா ஏறி எறங்கும்னு மகனுக்கு டியூப்ல காமிச்சேன், திண்ணை மேல இருந்த 200 லிட்டர் டிரம்முலருந்து கீழ வாளிக்கு. டியூப்போட மேல் முனை தண்ணிக்குள்ள இருந்து, கீழ் முனை தண்ணி மட்டத்துக்கு கீழ இருக்குற வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்னு நானே வாயால சொன்னேன். சொல்லிட்டு, போன் வந்துச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அவன் பெரட்டி விளையாடுன ஜோருல முனை வாளிய விட்டு வெளிய விழுந்திருக்கு. திரும்பி வந்து பாக்குறப்ப டிரம் காலி, தண்ணி வாசல் தாண்டி உள்ள போயி அரிசி மூட்டை அடியில நிக்கிது. குழாய்ல நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி அது. எஞ்சம்சாரம் ஒரு வார்த்தை பேசல, அரிசிய பாயில கொட்டி காயப்போட்டுக்கிட்டே அழுதுச்சு. அன்னைக்கு ராத்திரி நான்தேன் பக்கத்துத் தெரு அடிபம்புல பதினாலு குடம் எடுத்தேன், மகனும் கூடவே நடந்தான்.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை லோயர் கேம்ப்புல, முல்லைப் பெரியாறு அணையக் கட்டுன பென்னிகுயிக் மணிமண்டபத்துக்கு கூட்டிட்டுப் போனேன். மேக்க கடலுக்குப் போற ஆத்த அணை கட்டி மடக்கி, மலையக் குடைஞ்சு கெழக்க நம்ம பக்கம் விட்டாங்கன்னு சொன்னேன், 1895-ல முடிஞ்ச வேலை. "அதுவும் நம்ம டியூப் மாதிரியாப்பா"ன்னு கேட்டான். இல்லடா, அது வெறும் சரிவு, தண்ணி எந்த எடத்துலயும் ஏறல, எறங்க மட்டும்தேன் செய்யிதுன்னேன். மலையிலருந்து தண்ணி எறங்குற பெரிய குழாய்களையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னான்.

வண்டி எடுக்கணும், வர்றேன்.

---

வாளையார் வாசல் | புதன் காலை 11:30

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லப் போறேனுங்க, மன்னிச்சுக்கோங்க.

நானும் மூணு வருசம் வீட்டுல வெச்சு சொல்லிக் குடுத்தவதான். போன வருசம் மகள ஆறாம் வகுப்புல கொண்டு போய் சேத்துட்டேன். குக்கர் வெடிச்சது மாதிரி பெருசா ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் சாயங்காலம் அவ எங்கிட்ட, "அம்மா, இப்ப நீ அம்மாவா டீச்சரா?"ன்னு கேட்டா. தப்புக் கணக்குக்குத் திட்டுன வாயாலயே தலை பின்னிவிடறப்ப கொஞ்சறேன், அவளுக்கு எந்த நேரத்துல எங்கிட்ட எப்படி இருக்கறதுன்னு தெரியல. அப்புறம் சிநேகிதி. தெருவுல அவ வயசுப் பொண்ணுங்க எல்லாம் காலைல ஒண்ணா பஸ் ஏறிப் போகும், இவ கேட்டப் புடிச்சு நின்னு பாப்பா.

இப்ப அவளுக்கு பாடம் முன்ன மாதிரி ஏறல, அது உண்மை. வீட்டுல அஞ்சு மாசத்துல முடிச்சத அங்க வருசம் பூரா இழுக்கறாங்க. ஆனா சாயங்காலம் வந்து மடில விழுந்து யார் என்ன சொன்னான்னு கதை சொல்றா பாருங்க, அந்த அம்மா வேலை எனக்குத் திரும்பக் கிடைச்சுது.

உங்க பையன் விசயம் வேற, அந்தக் கேலி யாருக்கும் தாங்காது. ஆனா பொண்ணுக்கு என்ன காரணம்? அண்ணன் வீட்டுல இருக்கான்னு அவளையும் நிறுத்திட்டீங்களா? இத மட்டும் யோசிங்க அம்மிணி.

---

புளியரை மழை | புதன் பகல் 2:15

வாளையார் அக்கா சொன்னதுல எனக்கு பாதிதான் சம்மதம். சிநேகிதம் பள்ளிக்கூடத்துல மட்டுந்தான் கிடைக்கும்னு இல்லைல்லா. எம் பையன் சாயங்காலம் பூரா தெருவுலதான் கெடக்கான். ஆனா "அம்மாவா டீச்சரா"ங்கது என்னையும் குத்திட்டு. நான் அதுக்கு ஒரு வழி பண்ணிருக்கேன், பாட நேரத்துல மட்டும் ஒரு பச்சைத் துண்டு தோள்ல போட்டுக்கிடுவேன். துண்ட எடுத்துட்டா டீச்சர் போயாச்சு, அதுக்குப் பொறவு கணக்கப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

எங்க வீட்டுல நடந்தது பதநீர். தெரிஞ்ச பனையேறி ஒருத்தர் காலைல கொண்டாந்து தந்தாவ. குடிச்சது போக மிச்சத்த பையன் ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தி, மூடிய திருகி, புத்தக அலமாரில வச்சிட்டான், நாளைக்கு ருசி மாறுதான்னு பாக்கப் போறானாம். எங்கிட்ட சொல்லவே இல்ல. மறுநாள் மத்தியானம் பாட்டில் உப்பி, அடி வெளிய தள்ளி, நிக்க முடியாம சாஞ்சு கெடக்கு. அவன் மூடிய தொறந்தாம் பாருங்க, நுரையா அடிச்சு அவன் மூஞ்சி, அலமாரி, அறிவியல் புத்தகம், நூலகத்துலேந்து எடுத்து வந்த ரெண்டு புத்தகம் எல்லாம் நனைஞ்சு, ஒரே புளிச்ச நாத்தம். எறும்ப நாலு நாள் வெரட்டினோம்.

பனையேறி மாமாட்ட கேட்டோம். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவறதே புளிக்காம இருக்கத்தான், ஆனா அதுக்கும் ஒரு நேரம் இருக்கு, ரொம்ப நேரம் வச்சா சுண்ணாம்பும் காக்காதுன்னாவ. சர்க்கரைய ஈஸ்ட் தின்னு வாயு விடுது, மூடி இறுக்கமா இருந்தா அது எங்க போவும். கண்ணாடி பாட்டிலா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சா வயித்தக் கலக்குது. அதனால எங்க வீட்டுல இப்ப ஒரு சட்டம், என்ன சோதனை பண்ணாலும் மூடி போடக் கூடாது, துணிதான் கட்டணும்.

நூலகப் புத்தகத்துக்கு காசு கட்டிட்டோம். அவன் உண்டியல்லேந்து பாதி, நான் பாதி.

---

சித்தூர் தமிழ் வாத்தியார் | புதன் மாலை 6:40

நான் ரிட்டயர்டு ஆசிரியர், பாலக்காட்டுச் சித்தூர். பள்ளிப்பட்டு அம்மாவுக்குப் பக்கத்துல இருக்கறது ஆந்திரச் சித்தூர், ரெண்டு எல்லையிலயும் ஒரு சித்தூர், ரெண்டுலயும் நம்ம ஆளுங்க.

சட்டம் பத்தி பயம் நிறைய பேருக்கு இருக்கு, அதனால சொல்றேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புல இருக்கு, 6 வயசுலருந்து 14 வரைக்கும். வீட்டுல படிக்கறதுக்குன்னு அதுல தனியா ஒரு பிரிவு இல்ல. ஆனா 4-வது பிரிவு உங்களுக்கு முக்கியம். பள்ளிக்கூடம் போகாத குழந்தை எப்ப வந்தாலும் வயசுக்கு ஏத்த வகுப்புல சேர்க்கணும்னு அது சொல்லுது. அதனால கதவு அடைஞ்சிரும்னு பயந்து முடிவெடுக்காதீங்க.

பத்தாம் வகுப்புக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு, என்.ஐ.ஓ.எஸ். 14 வயசு முடிஞ்சிருக்கணும். அஞ்சு பாடம், அதுல ஒரு மொழியாவது இருக்கணும், தேர்ச்சிக்கு 33 மார்க். வருசத்துக்கு ரெண்டு பொதுத்தேர்வு, ஏப்ரல்-மே ஒண்ணு, அக்டோபர்-நவம்பர் ஒண்ணு. அஞ்சு வருசத்துக்குள்ள ஒம்பது வாய்ப்பு, ஒவ்வொரு பாடமா கூட எழுதி முடிக்கலாம். திக்குற குழந்தைக்கு இது நல்ல வழி, அவசரமே இல்ல. பாடப்புத்தகத்துக்கு அலையாதீங்க, தமிழ்நாட்டுப் புத்தகமும் கேரளத்துத் தமிழ் மீடியம் புத்தகமும் ரெண்டுமே இணையத்துல இலவசமா இறக்கிக்கலாம். நம்ம ஊர்ல வாழணும்னா மலையாளமும் வாசிக்கத் தெரியணும், பஸ் போர்டுலருந்து ஆரம்பிங்க. நம்ம 'ழ' அவங்ககிட்டயும் அப்படியே இருக்கு, குழந்தைங்களுக்கு அதைச் சொன்னா சந்தோசப்படுவாங்க.

அம்மிணி, ஒண்ணே ஒண்ணு. முப்பது வருசம் வகுப்பு எடுத்தவன் சொல்றேன், திக்குற பிள்ளை பேசறப்ப வாக்கியத்த நீங்க முடிச்சு வைக்காதீங்க. காத்திருங்க. கூட சேந்து பாட்டா, செய்யுளா ஒரே குரல்ல வாசிச்சா பெரும்பாலும் திக்காது, அதை தினமும் பண்ணுங்க.

---

பள்ளிப்பட்டு தறிவூடு | புதன் இரவு 9:10

ஐயா சித்தூர்னதும் ஞாபகம் வந்துச்சு. எங்க சின்னவன், நகரி அத்தை வூடு இவ்ளோ பக்கத்துல இருக்கு, அங்க மட்டும் ஏன் ஆந்திரான்னு கேட்டுகினே இருந்தான். எங்க ஊரும் திருத்தணியும் 1960 ஏப்ரல் 1 வரிக்கும் ஆந்திராவுலதான் இருந்துச்சு, ம.பொ.சி. மாதிரி ஆளுங்க போராடி இந்தப் பக்கம் வந்துச்சுன்னு சொன்னேன். அவ்வா பக்கத்துல இருந்து, "ஊரு எங்கயும் போகல, பேருதான் மாறுச்சு"ன்னாங்க தெலுங்குல. வரலாறுக்கு வூட்ல பெரியவங்கள உக்கார வைங்க அக்கா, உங்களுக்கு ஒரு மணி நேரம் கை ஓயும்.

---

கொழிஞ்சாம்பாறை அம்மிணி | சனி இரவு 9:45

எல்லார் எழுதுனதயும் மூணு நாள் திரும்பத் திரும்பப் படிச்சேனுங்க.

வாளையார் அக்கா, நீங்க கேட்ட கேள்வி என்னை தூங்க விடல. பொண்ண நான் ஸ்கூல்ல சேக்கவே இல்ல, அவன நிறுத்துன வேகத்துல அப்படியே விட்டுட்டேன். நேத்து அவகிட்டயே கேட்டேன். "போனா அண்ணனுக்கு யாரு கூட வாசிப்பா?"ன்னா. ஏழு வயசுக் குழந்தை அந்தப் பாரத்தத் தூக்கிட்டு இருக்குங்கறது எனக்குத் தெரியவே இல்லீங்க. ஜூன்ல அவள சேக்கறதா வீட்டுக்காரரும் நானும் பேசிட்டு இருக்கோம். இன்னும் முடிவாகல, ஆனா பேச்சு எடுத்தாச்சு.

அடுப்பு எரியும்போது பாடம் இல்ல, அது முடிவாயிருச்சு. காலைல பத்து மணிக்குள்ள சமையல முடிச்சு அடுப்ப அணைச்சுட்டுத்தான் நோட்டத் தொறக்கறோம். புது வால்வு போட்டாச்சு. குழாய ஊதிப் பாக்கற வேலை பையனோடது. ராத்திரி எட்டரைக்கு அவங்கப்பாவும் அவனும் ஒரே குரல்ல வாசிக்கறாங்க. வாத்தியாரய்யா சொன்னது நிசம், சேந்து வாசிக்கறப்ப திக்கல. முந்தாநாள் ஒரு முழு பக்கம். அவர் வாசிச்சு முடிச்சுட்டு பாத்ரூமுக்குப் போயி ரொம்ப நேரம் வரல.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு கவுந்துச்சுங்க. வியாழக்கிழம பையன் மஞ்சத்தூள தண்ணில கரைச்சு காகிதத்துல தடவிட்டு இருந்தான், கிண்ணம் சரிஞ்சு மாமாவோட வெள்ளை வேட்டில பாதிக்கு மேல ஊத்திருச்சு. கல்யாணத்துக்குப் போகன்னு எடுத்து வெச்ச வேட்டி. நான் பதறிப்போய் துணி சோப்பப் போட்டுத் தேச்சேன், மஞ்சளா இருந்தது செக்கச்செவேல்னு ரத்தம் மாதிரி ஆயிருச்சு. பொண்ணு அலறுனா.

அத்தை திண்ணையிலருந்து எந்திரிச்சு வந்து பாத்தாங்க. ஒண்ணும் பேசாம உள்ள போயி, வெத்தலப் பெட்டில இருந்து சுண்ணாம்பு ஒரு நக அளவு எடுத்து, ஒரு தட்டுல மஞ்சத்தண்ணி விட்டுக் கலக்கிக் காமிச்சாங்க. சிவந்துச்சு. "இதான்டா ஆரத்தி. உங்கம்மா இந்த வீட்டுக்குள்ள வரப்ப நாந்தான் சுத்துனேன்"னு பையன்கிட்ட சொன்னாங்க. சோப்பும் சுண்ணாம்பும் ஒரே சாதி, காரம், அதான் ரெண்டுலயும் மஞ்சள் சிவக்குதுன்னு நான் சொன்னேன். பையன் ஓடிப்போய் எலுமிச்சம்பழத்த அறுத்து தட்டுல பிழிஞ்சான், மறுபடி மஞ்சளாயிருச்சு. அத்தைக்கு அது தெரியாது போல, தட்ட வாங்கி இன்னொரு துளி சுண்ணாம்பு போட்டுப் பாத்தாங்க, மறுபடி எலுமிச்சை, மறுபடி சுண்ணாம்பு. ரெண்டு பேரும் பத்து நிமிசம் அதையேதான் பண்ணுனாங்க. புளியரை அக்கா, உங்க பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்பு ஞாபகம் வந்து அதையும் அத்தைக்குப் படிச்சுக் காமிச்சேன்.

அத்தை இன்னும் ஸ்கூலுக்கு அனுப்புன்னுதான் சொல்றாங்க. அதுல மாத்தம் இல்லீங்க.

வேட்டிய நல்லா அலசி வெயில்ல போடு, மஞ்சக்கறை வெயிலுக்குத்தான் போகும்னும் அவங்கதான் சொன்னாங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல கொடில வேட்டி நாள் பூரா படபடன்னு அடிச்சுட்டு இருக்கு. பையன் தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அது முன்னால நின்னு, கறை எவ்வளவு வெளுத்திருக்குன்னு கலர் பென்சில்ல நோட்டுல தடவி வெக்கறான். முதல் நாள் நல்ல மஞ்சள், நேத்து வெளிர் மஞ்சள், இன்னைக்கு ஓரத்துல மட்டும் கொஞ்சம் நிக்குது. கல்யாணம் புதன்கிழம. அதுக்குள்ள போயிருமான்னு மாமா அவன்கிட்டதான் கேக்கறாரு.